வானத்துக் கல்லுக்குத் தலைமடையில் தடுப்பு!

சித்திரை மாதத்து இரவு. வீரகேரளம்புதூரில் ஒரு வீட்டு மொட்டை மாடி.

வெக்கை தாங்காமல் குடும்பமே மாடியில் பாய் விரித்துப் படுத்திருக்கிறது. ஆச்சியின் பக்கத்தில் பேரன். திடீரென்று வானத்தில் ஒரு நெருப்புக் கோடு! கண் மூடித் திறப்பதற்குள் மறைந்துவிட்டது.

"ஆச்சி! நட்சத்திரம் ஒண்ணு விழுந்திட்டு!"

"அதைப் பாக்கக் கூடாதுல! பச்சை மரத்தைப் பாரு!"

"அது நம்ம ஊருல விழுந்தா என்ன ஆகும் ஆச்சி?"

ஆச்சிக்குப் பதில் தெரியவில்லை. "சாமி பாத்துக்கிடும். பேசாமப் படு!" என்றாள்.

எந்த ஊரிலும், எந்த வீட்டிலும் நடக்கக் கூடிய பேச்சுதான் இது. ஆனால் அந்தச் சிறுவன் கேட்ட கேள்வி சாதாரணக் கேள்வி அல்ல. உலகத்துப் பெரிய விஞ்ஞானிகள் எல்லாம் இதே கேள்விக்குத்தான் விடை தேடி வந்தார்கள். இப்போது ஒரு விடை கிடைத்திருக்கிறது.

அந்த விடையைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். வாய்க்காலில் தண்ணீர் திருப்பத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அது புரியும்.

விழுவது நட்சத்திரம் அல்ல

முதலில் ஒரு விஷயம். இரவில் விழுவது நட்சத்திரம் அல்ல. நட்சத்திரம் ஒவ்வொன்றும் சூரியனைப் போன்றது. அது பூமியில் வந்து விழாது. நெருப்புக் கோடாகத் தெரிவது பெரும்பாலும் மணல் அளவுள்ள தூசிதான். மிக வேகமாக வந்து காற்றில் உராய்ந்து எரிந்து போகிறது. அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை.

ஆனால் வானத்தில் தூசி மட்டுமா இருக்கிறது? பாறைகளும் இருக்கின்றன. இவற்றுக்குச் சிறுகோள்கள் என்று பெயர். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே இவை லட்சக்கணக்கில் சூரியனைச் சுற்றுகின்றன. அவற்றில் சில வழி மாறி, பூமியின் பாதைக்குப் பக்கத்தில் வந்து போகின்றன.

பக்கத்தில் வருவது எப்போதாவது மோதவும் செய்யும்.

மராட்டிய மாநிலத்தில் புல்தானா மாவட்டத்தில் லோனார் என்ற ஏரி இருக்கிறது. வட்டமான ஏரி. பள்ளத்தின் அகலம் சுமார் 1.8 கிலோமீட்டர். அதை மனிதர் வெட்டவில்லை. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வானத்திலிருந்து வந்த பாறை கருங்கல் தரையைக் குடைந்து உண்டாக்கிய பள்ளம் அது.

1908 ஜூன் 30. ரஷ்யாவில் சைபீரியாவின் துங்குஸ்கா காட்டுக்கு மேலே ஒரு பாறை வெடித்தது. சுமார் 2,000 சதுர கிலோமீட்டர் காடு சாய்ந்தது. அங்கே ஊர் இல்லை. அதனால் உலகம் தப்பியது.

2013 பிப்ரவரி 15. அதே ரஷ்யாவில் செல்யாபின்ஸ்க் நகரம். சுமார் 20 மீட்டர் அகலமுள்ள பாறை, ஆகாயத்திலேயே வெடித்தது. சூரியனைப் போல ஒரு வெளிச்சம். "இது என்ன?" என்று ஜனங்கள் ஜன்னல் பக்கம் ஓடினார்கள். சற்று நேரம் கழித்து வெடியின் அதிர்ச்சி வந்து சேர்ந்தது. கண்ணாடிகள் நொறுங்கின. சுமார் 1,500 பேர் காயம் அடைந்தார்கள்.

அந்தப் பாறை வருவதை முன்கூட்டி யாரும் பார்க்கவில்லை. அது சூரியன் இருந்த திசையிலிருந்து வந்தது. வெயிலை நோக்கி யாரால் கண் திறந்து பார்க்க முடியும்?

தெற்கு ஆசியா வரை வந்த கோடு

"ரஷ்யாவில்தானே நடந்தது?" என்று சிலர் கேட்கலாம்.

2024 டிசம்பர் 27-ந் தேதி, தென் அமெரிக்காவில் சிலி நாட்டில் உள்ள ஒரு தொலைநோக்கி புதிய சிறுகோள் ஒன்றைக் கண்டது. அதன் பெயர் 2024 ஒய்.ஆர். 4. அது 2032 டிசம்பர் 22-ந் தேதி பூமியில் மோதக் கூடும் என்று கணக்கு சொன்னது. மோதினால் எங்கே விழும் என்று படத்தில் ஒரு கோடு போட்டார்கள். பசிபிக் கடலில் தொடங்கிய கோடு, ஆப்பிரிக்காவைத் தாண்டி, அரபிக் கடலைத் தாண்டி, தெற்கு ஆசியா வரை வந்தது!

2025 பிப்ரவரி 18-ந் தேதி, மோதும் வாய்ப்பு 3.1 சதவீதம் என்றார்கள். அதாவது 32-ல் ஒரு பங்கு. அதன் பிறகு ஒரு வாரத்துக்குள் அபாயம் அநேகமாக இல்லை என்று ஆகிவிட்டது.

விஞ்ஞானிகள் முதலில் தவறாகச் சொன்னார்களா? இல்லை. இரவில் தூரத்தில் ஒரு பஸ் வருகிறது. விளக்கு மட்டும் தெரிகிறது. அது சுரண்டைக்குத் திரும்புமா, தென்காசிக்குப் போகுமா என்று உடனே சொல்ல முடியாது. பார்த்துக்கொண்டே இருந்தால் தெரிந்துவிடும். சிறுகோள் விஷயமும் அதுதான். பார்க்கப் பார்க்கத்தான் பாதை தெளிவாகும்.

ஆகவே அன்று பயத்தைப் போக்கியது தொலைநோக்கி. இரவு இரவாகப் பார்த்துக்கொண்டிருந்த கண்கள்.

சரி, "மோதத்தான் போகிறது" என்று அந்தக் கண்கள் சொல்லியிருந்தால்?

தலைமடையும் கடைமடையும்

குற்றால மலையில் பிறக்கிறது சிற்றாறு. அது சமவெளியில் இறங்கி வருகிறது. வீரகேரளம்புதூர் அருகே அனுமன் நதி அதோடு கலக்கிறது. இரண்டு ஆறுகள் கண்ட ஊர் அது. அந்த வட்டாரத்து விவசாயிக்குத் தண்ணீரின் குணம் தெரியும்.

தலைமடையில் ஒரு கூடை மண் போட்டால் போதும். தண்ணீர் அடுத்த வாய்க்காலுக்குத் திரும்பிவிடும். அதே தண்ணீர் வெள்ளமாகிக் கடைமடைக்கு வந்துவிட்டால்? நூறு பேர் நூறு கூடை மண் போட்டாலும் நிற்காது.

சிறுகோளைத் திருப்பும் வித்தையும் இதுதான். அது பூமிக்குப் பக்கத்தில் வந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது. பல ஆண்டுகளுக்கு முன்பே, பல கோடி கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு தட்டுத் தட்டினால் போதும். ஒதுங்கிப் போய்விடும்.

சொல்லளவில் இருந்த இந்த யோசனையை அமெரிக்கா செய்தே பார்த்துவிட்டது.

விடிவதற்கு முன் ஒரு மோதல்

2022 செப்டம்பர் 27. இந்திய நேரம் விடியற்காலை 4 மணி 44 நிமிடம். தமிழ்நாட்டில் கோழி கூவும் நேரம். அப்போது பூமியிலிருந்து சுமார் 1 கோடியே 10 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் ஒரு மோதல் நடந்தது.

மோதியது "டார்ட்" என்ற விண்கலம். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா அனுப்பியது. அதன் எடை சுமார் 570 கிலோ. ஏறக்குறைய ஒரு ஜோடி உழவு மாட்டின் எடை!

மோதப்பட்டது "டைமார்பஸ்" என்ற சிறுகோள். அதன் அகலம் சுமார் 160 மீட்டர். தென்காசி காசி விசுவநாதர் கோயில் ராஜகோபுரம் சுமார் 180 அடி உயரம். அப்படி மூன்று கோபுரங்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் எவ்வளவு உயரமோ, அவ்வளவு அகலம். எடை 40 லட்சம் டன்னுக்கும் அதிகம்.

மலைக்கும் மாட்டுக்கும் சண்டையா? ஆம். ஆனால் மாடு வந்த வேகத்தைப் பாருங்கள். விநாடிக்கு 6 கிலோமீட்டர்! அந்த வேகத்தில் போனால் தென்காசியிலிருந்து வீரகேரளம்புதூருக்கு ஐந்து விநாடிக்குள் வந்துவிடலாம்.

கடைசி 4 மணி நேரம் விண்கலத்தை மனிதர் யாரும் ஓட்டவில்லை. அதுவே தன் காமிராவால் பார்த்து, அதுவே வழியைத் திருத்திக்கொண்டு போய் மோதியது. கடைசிப் படம் முழுவதும் வந்து சேருவதற்குள் அது தூள் தூளாகிவிட்டது.

டைமார்பஸ் தனியாகத் திரிவது அல்ல. "டிடிமாஸ்" என்ற பெரிய சிறுகோளை அது நிலாப் போலச் சுற்றுகிறது. மோதலுக்கு முன், ஒரு சுற்றுக்கு 11 மணி 55 நிமிடம் ஆயிற்று. மோதலுக்குப் பின் 11 மணி 23 நிமிடம். 32 நிமிடம் குறைந்துவிட்டது! 73 விநாடி மாறினாலே வெற்றி என்றுதான் விஞ்ஞானிகள் முதலில் கணக்குப் போட்டிருந்தார்கள்.

எப்படி இவ்வளவு மாற்றம்? மோதிய இடத்திலிருந்து கல்லும் தூசியும் பீறிட்டுக் கிளம்பின. துப்பாக்கி சுட்டால் தோளில் பின்னால் உதைக்கிறது அல்லவா? அதுபோல, கிளம்பிய கல்லும் தூசியும் சிறுகோளைப் பின்னால் உதைத்தன. அதனால் விண்கலம் மட்டும் தள்ளியிருக்கக் கூடியதைப் போல மூன்று மடங்குக்கும் மேல் தள்ளு கிடைத்தது.

இந்த இரண்டு சிறுகோள்களாலும் பூமிக்கு எந்த அபாயமும் இல்லை. முன்பும் இல்லை, பின்பும் இல்லை. ஒத்திகைக்காகவே அவற்றைத் தேர்ந்தெடுத்தார்கள். மோதலின் தழும்பை அருகில் போய்ப் பார்க்க, ஐரோப்பிய நாடுகள் "ஹேரா" என்ற விண்கலத்தை 2024 அக்டோபர் 7-ந் தேதி ஏவின. 2026-ம் ஆண்டின் இறுதியில் போய்ச் சேரும்படி அது அனுப்பப்பட்டது.

எறும்பு நடை போதும்!

இதில் ஆச்சரியமான கணக்கு ஒன்று உண்டு. பள்ளிக்கூடப் பிள்ளையும் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு சிறுகோளின் வேகத்தை விநாடிக்கு 1 சென்டிமீட்டர் மட்டும் மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். அது எறும்பு நடக்கும் வேகம். ஒரு நாளில் அந்த வித்தியாசம் 864 மீட்டர். ஓர் ஆண்டில் சுமார் 315 கிலோமீட்டர். 20 ஆண்டுகளில் சுமார் 6,300 கிலோமீட்டர்!

பூமியின் நடுவிலிருந்து மேல்தரை வரை உள்ள தூரம் சுமார் 6,400 கிலோமீட்டர். அதாவது, பூமியின் நடுமையத்தைக் குறி வைத்து வந்த பாறை, பூமியின் ஓரத்துக்கே ஒதுங்கிவிடும். இன்னும் கொஞ்சம் தள்ளினால் தொடாமலே போய்விடும்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். இங்கே எறும்பு ஊரக் கல் விலகுகிறது.

ஆனால் 20 ஆண்டுகளுக்கு முன்பே தெரிய வேண்டும். ஒரே ஓர் ஆண்டுக்கு முன்தான் தெரிந்தது என்றால், அதே எறும்பு நடை 315 கிலோமீட்டர்தான் விலக்கும். அது போதாது. விண்கலம் கட்டவும் ஏவவும் போய்ச் சேரவுமே சில ஆண்டுகள் பிடிக்கும்.

எனவே ராக்கெட் முக்கியம். அதைவிட முக்கியம் கண்.

அந்தக் கண் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. 1 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பெரிய பாறைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் 140 மீட்டருக்கு மேற்பட்டவை சுமார் 25,000 இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அவற்றில் பாதிகூட இன்னும் கண்ணில் படவில்லை. அப்படி ஒன்று விழுந்தால் ஒரு மாவட்டமே பாழாகிவிடும்.

சென்னையில் பிடித்த சிறுகோள்

சிறுகோளைத் தேடுவது தமிழ்நாட்டுக்குப் புதிதா? இல்லை.

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-லேயே வானாராய்ச்சி நிலையம் இருந்தது. அங்கே வேலை பார்த்த ஆங்கிலேயர் நார்மன் போக்சன், 1861 ஏப்ரல் 17-ந் தேதி ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். அதற்கு "ஆசியா" என்று பெயர் வைத்தார். ஆசியா கண்டத்திலிருந்து கண்டுபிடித்த முதல் சிறுகோள் அதுதான். சென்னையில் இருந்தபடியே அவர் கண்டுபிடித்தவை மொத்தம் 5. அவரிடம் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்துப் புகழ் பெற்றார்.

பிறகு நூறு ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. 1988 பிப்ரவரி 17-ந் தேதி, ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாராய்ச்சி நிலையத்தில் ஆர். ராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டார். அதற்குக் கணித மேதை ராமானுஜன் பெயர் வைக்கப்பட்டது. அந்தத் தேடும் திட்டத்துக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? "கல்கி"!

செங்கோட்டைப் பெண் நிறுத்திய விண்கலம்

தென்காசி மாவட்டத்துக்கு இதில் தனிப் பெருமை உண்டு.

செங்கோட்டையில் பிறந்தவர் நிகர் ஷாஜி. அந்த ஊர் அரசுப் பெண்கள் பள்ளியில் படித்தார். திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1987-ல் இஸ்ரோவில் சேர்ந்தார். சூரியனை ஆராயும் "ஆதித்யா எல்-1" விண்கலத்தின் திட்ட இயக்குநர் அவர்தான். 2023 செப்டம்பர் 2-ந் தேதி கிளம்பிய அந்த விண்கலம், 2024 ஜனவரி 6-ந் தேதி தன் இடத்தை அடைந்தது. பூமியிலிருந்து சூரியன் பக்கமாகச் சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் அந்த இடம் இருக்கிறது.

ஆதித்யா சிறுகோள் தேடுவதற்காகப் போகவில்லை. ஆனால் அந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். சிறுகோள்களைத் தேடுவதற்கென்றே நாசா கட்டி வரும் விண்வெளித் தொலைநோக்கியையும் அதே வட்டாரத்தில்தான் நிறுத்தத் திட்டமிட்டிருக்கிறார்கள். அங்கிருந்து பார்த்தால், பூமியில் உள்ள தொலைநோக்கிகள் எளிதில் பார்க்க முடியாத அளவுக்குச் சூரியனை ஒட்டிய வானத்தையும் பார்க்கலாம். செல்யாபின்ஸ்க் பாறை வந்தது அந்தத் திசையிலிருந்துதான்!

அந்த இடத்துக்குப் போகும் பாதை இந்தியாவுக்குத் தெரியும். ராக்கெட் என்ஜின்களைச் சோதிக்கும் நிலையம் மகேந்திரகிரியில் இருக்கிறது. குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ந் தேதி அடிக்கல் நாட்டப்பட்டது. இரண்டும் தென்காசிக்காரர்களுக்குப் பக்கத்து மாவட்டத்துச் சங்கதி.

தண்ணீருக்கு வழியில்லை, வானத்துக்குச் செலவா?

இப்படிக் கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பெரிய சிறுகோள் எதுவும் அடுத்த நூறு ஆண்டுக்குள் பூமியில் மோதப் போவதாக இன்றைய கணக்கில் இல்லை. பயப்பட வேண்டியதே இல்லை.

ஆனால் பயம் வேறு, காவல் வேறு. வீட்டுக்குப் பூட்டுப் போடுகிறவர் தினமும் திருடன் வருவான் என்றா போடுகிறார்?

2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தது. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 உயிர்கள் போயின. அலை கரைக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆயிற்று. ஆனால் ஓடுங்கள் என்று சொல்ல ஆள் இல்லை. சுனாமி எச்சரிக்கை நிலையம் ஹைதராபாத்தில் ஏற்பட்டது 2007-ல். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!

2024 மே 17-ந் தேதி பழைய குற்றால அருவியில் என்ன நடந்தது? மலை மேல் மழை பெய்தது. கீழே குளித்தவர்களுக்கு அது தெரியவில்லை. திடீரென்று வெள்ளம் பாய்ந்தது. ஒரு சிறுவனை அடித்துக்கொண்டு போயிற்று. மேலே நடப்பதைப் பார்த்துச் சொல்லச் சில நிமிடம் கிடைத்திருந்தால் அந்தத் தாயின் மடி நிறைந்திருக்கும்.

பூகம்பத்தை முன்கூட்டிச் சொல்ல வழி இல்லை. புயலைச் சொல்லலாம், திருப்ப முடியாது. சிறுகோள் ஒன்றுதான், பல ஆண்டுகளுக்கு முன்பே நாளும் நேரமும் சொல்லக் கூடிய ஆபத்து. திருப்பவும் கூடிய ஆபத்து. தடுக்கக் கூடியதைத் தடுக்காமல் விட்டால் அதற்கு விதி என்று பெயர் சொல்ல முடியாது.

புத்தாண்டு விருந்தாளி

2029-ம் ஆண்டு சித்திரை முதல் நாள் அதிகாலை, ஏப்ரல் 14-ந் தேதி சுமார் 3 மணி. "அபோபிஸ்" என்ற சிறுகோள் பூமியை நெருங்கும். அதன் அகலம் 300 மீட்டருக்கும் மேல். தரையிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர் தூரத்தில் கடந்து போகும். டெலிவிஷன் செயற்கைக் கோள்கள் சுற்றுவதே அதைவிட உயரத்தில்!

அது மோதாது. இது உறுதி. அன்று யாரும் பரிகாரம் செய்ய வேண்டாம். "உலகம் அழியப் போகிறது" என்று செல்போனில் வரும் சேதியை நம்பவும் வேண்டாம். அடுத்தவருக்கு அனுப்பவும் வேண்டாம். ஐக்கிய நாடுகள் சபை 2029-ஐச் சிறுகோள் விழிப்புணர்ச்சி ஆண்டாக அறிவித்திருக்கிறது.

அந்த நாளுக்குள் இந்தியா மூன்று காரியங்களைச் செய்யத் தொடங்க வேண்டும்.

ஒன்று: சிறுகோள் தேடுவதற்கென்றே, இரவு தோறும் வானத்தைச் சல்லடை போடும் தொலைநோக்கி இந்திய மண்ணில் வேண்டும். ஒரு நாட்டில் மேகம் மூடினால் இன்னொரு நாட்டுக் கண் திறந்திருக்க வேண்டும்.

இரண்டு: சிறுகோளை நெருங்கிப் பார்க்கவும் திருப்பவும் இந்திய விண்கலம் தயாராக வேண்டும். நிலவில் இறங்கிய நாட்டுக்கு இது எட்டாத கனி அல்ல.

மூன்று: பள்ளிக்கூடம் தோறும் ஒரு சிறு தொலைநோக்கி வேண்டும். ஆகாயத்தில் பெரிய வெளிச்சம் தெரிந்தால் ஜன்னல் பக்கம் போகாமல் விலகி நிற்க வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டும். செல்யாபின்ஸ்கில் அது தெரிந்திருந்தால் பல பேர் காயம் இல்லாமல் தப்பியிருப்பார்கள்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது பழமொழி. அணை எங்கே போடுவது? தலைமடையில்!

வீரகேரளம்புதூர் மொட்டை மாடியில் படுத்திருக்கும் பேரன் நாளை மறுபடியும் கேட்பான்: "அது நம்ம ஊருல விழுந்தா என்ன ஆகும் ஆச்சி?"

அப்போது ஆச்சி தைரியமாகப் பதில் சொல்லலாம்: "விழாதுல. வரும் முன்னாலேயே பாத்து, ஒரு தட்டுத் தட்டித் திருப்பி விட்டிருவாங்க. நீ நல்லாப் படி. அந்த வேலைக்கு ஆள் தேவைப்படும்!"